மூளைக்குள் இறங்கும் வழி

சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தாரணி'யை வெளியிட்டது. வளரும் கருவின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, செல் தெரியுமளவு நுணுக்கமாகப் பதிந்த 5,132 படங்கள். இணையத்தில் இலவசம், எந்தச் சிற்றூர்ப் பள்ளி மாணவியும் பார்க்கலாம். தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய வேலை.

இத்தகைய அறிவியல் படங்களில் நீளம், அகலத்தோடு ஆழம், நேரம், சாய நிறம் என்று பரிமாணங்கள் கூடும். சாதாரணப் படச் செயலிகள் திணறிவிடும்.

பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்ட நாபாரி என்ற செயலி இதற்கென்றே உருவானது. கோப்பை இழுத்துப் போட்டால், கூடுதலான ஒவ்வொரு பரிமாணத்துக்கும் திரையின் கீழே ஒரு நகர்த்தி வரும். அதைத் தள்ளத் தள்ள, அடுக்கடுக்காக உள்ளே இறங்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் முப்பரிமாணம்.

பைத்தான் பழகாதவர்கள் ஃபிஜி என்ற படச் செயலியில் தொடங்கலாம். அதன் மெனுவிலேயே மாதிரிப் படங்கள் உள்ளன. முதலில் அவற்றைத் திறந்து பாருங்கள்.