ஆடியவன் ஆவடியில், அள்ளியவன் அமெரிக்காவில்!

பத்து லட்சம் பேர் பார்த்தார்களாம்! பத்து ரூபாய்கூட வரவில்லையாம்!

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் டீக்கடைகளில் இன்று அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. அங்கே போனஸ் பேச்சு உண்டு, ஓவர்டைம் பேச்சு உண்டு, காண்ட்ராக்ட் ஆட்களை எப்போது நிரந்தரமாக்குவார்கள் என்ற பேச்சும் ஓயாமல் உண்டு. இவற்றுக்கிடையே இருபது வயது இளைஞன் ஒருவன் கைப்பேசியை நீட்டுகிறான். "அண்ணே, நம்ம ரீல்ஸ் பாருங்க!" பார்க்கிறோம். ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரிக்கரை, மாலை வெயில், நடுவிலே நம் தம்பி. ஆடுகிறான், பாடுகிறான், முதலாளியின் நடையை நையாண்டி செய்கிறான். திறமை இருக்கிறது, ஐயமில்லை. "சரி தம்பி, எவ்வளவு வந்தது?" என்று கேட்டால் மட்டும் முகம் வாடுகிறது. "வரும்ணே" என்கிறான்.

வருமா? எங்கிருந்து வரும்? யார் தருவார்? இலவு காத்த கிளிக்குக்கூட, பழுத்தால் பஞ்சு என்பது கடைசியிலாவது தெரிந்தது. இந்தத் தம்பிக்கு மரம் எவருடையது என்பதே தெரியவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இன்ஸ்டாகிராம் என்ற இந்தப் படக்கடை 2010 அக்டோபரில் அமெரிக்காவில் திறக்கப்பட்டது. 2012 ஏப்ரலில் பேஸ்புக் நிறுவனம் அதை விலை பேசியது. விலை என்ன? 100 கோடி டாலர்! அன்று அங்கே வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர்? நூறா, ஆயிரமா? வெறும் 13 பேர்! பதின்மூன்று பேர் உட்கார்ந்த நாற்காலிகளுக்கா நூறு கோடி டாலர்? இல்லை, தோழர்களே! அன்றைக்கே அதிலே தங்கள் படங்களைப் போட்டுக்கொண்டிருந்த ஏறத்தாழ மூன்று கோடி மக்களுக்குத்தான் அந்த விலை. விற்கப்பட்டது மக்கள் கூட்டம். விலையில் பங்கு அந்தக் கூட்டத்துக்குக் கிடைத்ததா? விற்கப்பட்டோம் என்ற செய்திகூடப் பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்தது.

இன்று அந்த நிறுவனத்துக்குப் பெயர் மெட்டா. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் சேர்த்து 2024ஆம் ஆண்டில் அதன் விளம்பர வருமானம் மட்டும் 16,063 கோடி டாலர். ரூபாயல்ல, டாலர்! நாளொன்றுக்கு ஏறத்தாழ 44 கோடி டாலர். விளம்பரத்தை எவரும் விரும்பித் தேடிப் பார்ப்பதில்லை. நம் தம்பியின் ஆட்டத்தைப் பார்க்க வந்தவன் கண்ணில் இடையிலே ஒரு சோப்பு விளம்பரம் படுகிறது. சோப்பு முதலாளி கொடுத்த காசு மெட்டாவுக்கு. ஆடியவனுக்கு? ஓர் இதயப் படம், செக்கச் சிவப்பாக!

பழைய நாடகக் கம்பெனிகளை நம் பெரியவர்கள் அறிவார்கள். எம்.ஜி.ஆரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் சின்ன வயதில் அப்படிப்பட்ட கம்பெனிகளில் ஆடி வளர்ந்தவர்கள்தாம். வேடம் கட்டி விடிய விடிய ஆடுவது பையன். வசூலை எண்ணுவது கம்பெனிக்காரர். கொடுமைதான். ஆனாலும் அந்தக் கம்பெனியில் பையனுக்கு மூன்று வேளைச் சோறு உண்டு, படுக்க இடமுண்டு. இந்தப் புதிய கம்பெனியிலோ சோறும் உன்னுடையது, கைப்பேசியும் உன்னுடையது, மாதாமாதம் ரீசார்ஜ் செய்யும் பணமும் உன்னுடையது!

இந்த ரீல்ஸ் இங்கே வந்த கதையையும் கேளுங்கள். 2020 ஜூன் 29 அன்று ஒன்றிய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. நம் தெருப்பிள்ளைகள் பலர் முதன்முதலில் ஆடிப் பழகிய மேடை அதுதான்; ஒரே இரவில் இழுத்து மூடப்பட்டது. பத்தே நாளில், ஜூலை 8 அன்று, இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைத் திறந்துவிட்டது. மேடையிழந்த கூட்டம் அப்படியே அங்கே குடிபெயர்ந்தது. சேர்த்து வைத்த ரசிகர்களை மூட்டை கட்டிக்கொண்டு போக முடிந்ததா? முடியவில்லை. எல்லோரும் மீண்டும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்கள். வாடகை வீட்டில் மாமரம் நட்டவன் கதை!

"அமெரிக்காவிலே கொடுக்கிறார்களே!" என்பான் விவரமறிந்த ஒரு தம்பி. கொடுத்தார்கள். 2021 ஜூலையில், அடுத்த ஆண்டு முடிவதற்குள் படைப்பாளர்களுக்கு 100 கோடி டாலருக்கு மேல் தருவோம் என்று முழங்கினார்கள். ரீல்ஸுக்கு போனஸ் என்றொரு திட்டமும் வந்தது. கூட்டம் சேரும் வரை கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் அமெரிக்காவிலேயே அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். புதுக்கடை திறந்த அன்று ஜிலேபி இலவசம். மறுநாள் போய்க் கேட்டால் கல்லாவைப் பார்க்கச் சொல்வார்கள். அழைத்தவர்களுக்கு மட்டும் ஊக்கத்தொகை, ரசிகர் விரும்பி அனுப்பும் பரிசு, மாதச் சந்தா என்று சில்லறை வழிகள் அங்கங்கே வருகின்றன, போகின்றன. ஆனால் இத்தனை பேர் பார்த்தால் விளம்பரக் காசில் இத்தனை பங்கு உனக்கு என்ற உரிமை? நம் ஊரில் ரீல்ஸ் போடுகிற சாதாரணப் பிள்ளைக்கு அது இல்லை.

முடியாத காரியமா அது? யூடியூப் 2007 முதலே படைப்பாளரோடு பங்கு போடுகிறது. முழுநீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் எடுத்தவருக்கு. குறும்படங்களான ஷார்ட்ஸுக்கும் 2023 பிப்ரவரி முதல், கணக்கிட்ட பங்கில் 45 சதவீதம். அவர்களும் தர்மசத்திரம் நடத்தவில்லை. அங்கும் குறைகள் ஆயிரம். ஆயினும் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். 2018ல் தொடங்கிய அந்த வில்லேஜ் குக்கிங் சேனலுக்கு 2021ல் ஒரு கோடி சந்தாதாரர் சேர்ந்தார்கள். முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார்கள். பங்கு கிடைத்தால் நம்மவன் பிழைப்பான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அப்படியானால் இன்ஸ்டாகிராமில் பணம் பண்ணுகிறவர்களே இல்லையா? இருக்கிறார்கள். அந்தப் பணம் கம்பெனியிலிருந்து வருவதில்லை. நம் கடைத்தெருவிலிருந்து வருகிறது. அம்பத்தூர் ஓ.டி.யில் புதிதாகப் பிரியாணிக் கடை திறப்பவர், பூந்தமல்லியில் துணிக்கடை வைத்திருப்பவர், குமணன்சாவடியில் முடிதிருத்தும் நிலையம் நடத்துபவர் எல்லோரும் இப்போது நோட்டீஸ் அடிப்பதைக் குறைத்துக்கொண்டு ரீல்ஸ் பிள்ளைகளைத் தேடுகிறார்கள். இதற்குப் பெயர் புரமோஷன். பெயர் பெரிது! பேரம் எப்படி நடக்கிறது? "முதல்ல ஒண்ணு போடு தம்பி, கூட்டம் வந்தா பார்ப்போம்." இரண்டு பிரியாணிப் பொட்டலத்தோடு வீடு திரும்புகிறான் தம்பி. பண்டமாற்று! சங்ககாலத்தில் உமணர் உப்பைக் கொடுத்து நெல் வாங்கினார்களே, அதே வாணிபம்தான். ஆனால் அங்கே உப்புக்கும் நெல்லுக்கும் அளவு இருந்தது. இங்கே ஒருநாள் உழைப்பு, படம்பிடித்த நண்பன், பெட்ரோல் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு லெக்பீஸ்.

கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? அவரும் வாடகைக்கும் வட்டிக்கும் நடுவே நிற்பவர். தொகையை முன்னதாகப் பேசு. பாதியை முன்பணமாக வாங்கு. எத்தனை வீடியோ, எத்தனை நாள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வை. பெரிய நிறுவனம் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை இலவசமாகத் தந்து நீ அதை வைத்துக்கொண்டால், 2022 ஜூலை முதல் அதற்கும் 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு. இலவசம் என்று வாங்கிய கைப்பேசிக்கு வருமானவரிக் கணக்கு எழுதவேண்டிய காலம் இது!

இவர்களைவிடத் தெம்பாகச் சம்பாதிப்பவர்கள் உண்டு. கொரட்டூரிலும் பட்டாபிராமிலும் வீட்டிலிருந்தபடியே ஆரி வேலை செய்கிற, ரவிக்கை தைக்கிற, மசாலாப்பொடி அரைத்து விற்கிற நம் சகோதரிகள்! அவர்கள் ஆடுவதில்லை, தைத்த ரவிக்கையைப் படமெடுத்துப் போடுகிறார்கள். "விலை என்னக்கா?" என்று கேட்டு வருகிறது ஆர்டர். அவர்களுக்கு அது கடைவீதியில் அட்வான்ஸ் இல்லாமல் கிடைத்த கண்ணாடி அலமாரி. சரக்கும் அவர்களுடையது, விலையும் அவர்கள் வைப்பது. பார்வை எண்ணிக்கை ஏறினாலென்ன, இறங்கினாலென்ன? ஆனால் அந்தப் படத்தின் கீழே வந்து அசிங்கமாக எழுதிவிட்டுப் போகிறானே சிலபேர், அவர்களும் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நம் கூட்டத்துக்கும் வருவார்கள். அடையாளம் தெரிந்தால் அங்கேயே கேளுங்கள், தோழர்களே.

கைநிறையப் பணம் தருகிறேன் என்று வருகிறவன் ஒருவன் உண்டு. அவனிடம்தான் அச்சம் வேண்டும். சூதாட்டச் செயலிக்காரன்! பிரியாணிக் கடைக்காரர் ஐந்நூறுக்கு அழுவார். இவன் ஆயிரக்கணக்கில் அள்ளி வீசுவான். "நூறு போட்டேன், ஐயாயிரம் எடுத்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். அதைக் கேட்டு வாரக் கூலியைப் போடுபவன் யார்? பக்கத்து மெஷினில் நிற்கும் தொழிலாளி! இணையச் சூதாட்டத்தால் உயிரை மாய்த்துக்கொண்டவர்களைக் கண்டுதான் தமிழகச் சட்டமன்றம் 2022ல் தடை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் அதைத் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றியது. ஏப்ரலில்தான் கையெழுத்து கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதில் கண்டிருக்கிறது. செயலிக்காரன் எந்த நாட்டில் இருக்கிறானோ. முகம் காட்டியவன் ஆவடியில் இருக்கிறான். போலீஸ் யார் வீட்டுக் கதவைத் தட்டும்?

மனை விற்பவர்களும் அப்படியே. திருமழிசை தாண்டி, திருநின்றவூர் தாண்டி, "பஸ் ஸ்டாண்டுக்கு ஐந்தே நிமிடம்" என்று பேசச் சொல்வார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யவேண்டிய மனைப்பிரிவை, ரியல் எஸ்டேட் ஆணையத்தின் பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்யவே கூடாது. எண்ணைக் கேள், இல்லையென்றால் எழுந்து வந்துவிடு. பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்று 2023 ஜனவரியில் ஒன்றிய நுகர்வோர் துறை விதிகளை வெளியிட்டிருக்கிறது. நுகர்வோர் சட்டத்தில், மக்களை ஏய்க்கும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. நம்பிப் பார்த்தவன் நம் உறவுக்காரன் என்பதை எந்த விதியும் சொல்லித் தரவேண்டியதில்லை.

இப்போது தொழிற்பேட்டைக்குத் திரும்புவோம். லேத் பட்டறையில் நிற்பவனுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது, உடம்புக்கு வந்தால் அயனாவரம் மருத்துவமனை இருக்கிறது. வருங்கால வைப்பு நிதியில் அவன் பங்கும் முதலாளி பங்கும் சேர்கின்றன. வேலையை விட்டு நீக்கினால் கேட்க சங்கம் உண்டு, லேபர் கோர்ட் உண்டு. இவையெல்லாம் தானமாக வந்தவையா? அடிபட்டு, கதவடைப்பைக் கண்டு, பட்டினி கிடந்து பெற்றவை. வேலையை உதறிவிட்டு ரீல்ஸே கதி என்று இறங்கும் தம்பிக்கு இவற்றில் ஒன்றுமில்லை. ஒருநாள் காலையில் அவன் கணக்கு முடக்கப்பட்டிருக்கும். ஏன்? எவன் சொன்னான்? பதில் வராது. ஒரு சிறு வழி உண்டு: நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதவேண்டும், குறித்த கெடுவுக்குள் அவர் தீர்வு சொல்லவேண்டும். மனநிறைவு இல்லையென்றால் 30 நாளுக்குள், 2023ல் அமைந்த மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே மனுப் போடலாம். கட்டணமில்லை. இதை அறிந்த பிள்ளைகள் குறைவு. ஆகவே எழுதி வைத்தேன்.

1955 ஜனவரியில் இதே ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. எழுபது ஆண்டு கழிந்தது. 2025 நவம்பர் 21 அன்று, தொழிற்சங்கங்கள் பலவும் எதிர்த்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவற்றில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்று ஒன்று. அதன் ஏழாம் அட்டவணையில் செயலி நிறுவனங்களின் வகைகள் கண்டிருக்கின்றன. வாடகை வண்டி, உணவு விநியோகம் என்று வரும் அந்தப் பட்டியலில் 'உள்ளடக்கம், ஊடகச் சேவைகள்' என்றொரு வரியும் இருக்கிறது! அடடா, நம் தம்பியைக்கூட நினைத்துவிட்டார்களே என்று மகிழாதீர்கள், மேலே படியுங்கள். நிறுவனம் தன் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவீதம் தொழிலாளர் நலனுக்குச் செலுத்தவேண்டுமாம். ஆனால் அது, தொழிலாளருக்கு நிறுவனம் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாதாம்.

மெட்டா நம் தம்பிக்குக் கொடுப்பது பூஜ்யம். பூஜ்யத்தில் ஐந்து சதவீதம் எவ்வளவு? கணக்கு வாத்தியாரைக் கேட்க வேண்டியதில்லை. கூலியே கொடுக்காதவன் பங்கும் கொடுக்க வேண்டாம் என்று ஆகிறது சட்டம்! அந்த உச்சவரம்பு நீங்கவேண்டும். விளம்பர வருமானத்தில் பங்கு என்பதைச் சட்டம் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் 2023ல் செயலிவழித் தொழிலாளர்களுக்கென நலவாரியம் அமைந்தது. உணவும் பொருளும் சுமந்து வண்டியோட்டும் தோழர்கள் அதில் சேர்கிறார்கள். ரீல்ஸ் எடுத்துப் பிழைப்பவரையும் அதிலே சேர்க்கக் கேட்பது தவறா? கேட்பதென்றால் எத்தனை பேர் என்று கணக்கு வேண்டும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் உள்ள சங்க அலுவலகங்களில் அதற்கென ஒரு பதிவேடு திறக்க எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஒரு நோட்டும், ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரமும் போதும்.