இலவச சிகிச்சைக்கும் முழு உரிமை உண்டு: கம்பம் பள்ளத்தாக்கில் கண் மருத்துவம்

தேனி மாவட்டத்தில் கண் நோயாளிகளுக்கு மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன: அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, லாப நோக்கில்லாத அறக்கட்டளை மருத்துவமனை. மூன்றாவது வகையில் பெரியது அரவிந்த் கண் மருத்துவமனை. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு இதைத் தொடங்கினார். மதுரைக்கு வெளியே முதல் கிளை தேனியில் 1985-ல் அமைந்தது. அப்போது தேனி மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. தனி மாவட்டமானது 1996-ல்தான். ஆண்டிபட்டி முதல் கூடலூர் வரை உள்ள விவசாயிகளும் தோட்டத் தொழிலாளர்களும் கண்ணுக்காக மதுரைக்கு பஸ் ஏற வேண்டிய தேவை அதிலிருந்து குறைந்தது.

அமைப்பு இயங்கும் முறை

பணம் கட்டும் நோயாளிகளிடமிருந்து வரும் வருமானம், கட்ட முடியாதவர்களின் சிகிச்சையையும் தாங்குவதே இந்த அமைப்பின் அடிப்படை. கட்டணப் பிரிவுக்குப் போவதா, இலவசப் பிரிவுக்குப் போவதா என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். வருமானச் சான்று கேட்கப்படுவதில்லை. அறை வசதியிலும் லென்ஸ் வகையிலும் வேறுபாடு உண்டு. கட்டணப் பிரிவில் மடக்கு லென்ஸும் தனி அறையும் கிடைக்கும். இலவசப் பிரிவில் பொது வார்டில் பாய் விரித்துப் படுப்பது வழக்கம். மருத்துவர்கள் இரு பிரிவுக்கும் பொதுவானவர்கள்.

ஒரு காலத்தில் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. ஏழைகளுக்கு அது எட்டாத விலை. அரவிந்த் 1992-ல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு லென்ஸின் விலை பல மடங்கு குறைந்தது. இலவச அறுவைச் சிகிச்சையிலும் லென்ஸ் வைக்க முடிந்ததற்கு இது முக்கியக் காரணம்.

அறக்கட்டளை மருத்துவமனைகள் செய்யும் இலவசப் புரை அறுவைகளுக்கு, தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ் அரசு மானியமும் உண்டு. மக்கள் வரிப்பணம் சேர்ந்த சிகிச்சையை யாரோ போட்ட பிச்சையாக நினைத்துக் கூச வேண்டியதில்லை.

ஊருக்குள் இருக்கும் முதல் படி, பார்வை மையம். 2000-களின் நடுவில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, நெடுந்தொலைவு வைஃபை மூலம் ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம், தேனியை அடுத்த அம்பாசமுத்திரம் ஆகிய இடங்களின் மையங்கள் தேனி மருத்துவமனையோடு இணைக்கப்பட்டன. மையத்தில் இருப்பவர் மருத்துவர் அல்ல, பயிற்சி பெற்ற பணியாளர். அவர் கண்ணைச் சோதித்து விவரங்களைப் பதிவு செய்வார். தேனியில் இருக்கும் மருத்துவர் திரை வழியாக நோயாளியிடம் பேசி முடிவு சொல்வார். கண்ணாடியும் சொட்டு மருந்தும் போதுமானவர்களுக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும்; மற்றவர்கள் மட்டும் தேனிக்குப் போனால் போதும்.

முகாமில் கவனிக்க வேண்டியவை

கம்பம், உத்தமபாளையம், தேவாரம் பக்கத்தில் பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ முகாம் நடக்கும். சங்கங்கள் ஏற்பாடு செய்யும். ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பார்கள். முறையான முகாமில் பார்வை அளவு, கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை பார்க்கப்படும். கண்ணீர்ப் பாதையில் சீழ் உள்ளதா என்றும் சோதிப்பார்கள். சீழ் இருக்கும்போது அறுவை செய்தால் கண்ணுக்குள் தொற்று பரவும். அறுவை தேவைப்படுவோரை பஸ்ஸில் மருத்துவமனைக்கு அழைத்துப் போய், அங்கே அறுவை முடித்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

முகாம் என்பது பரிசோதனைக்கான இடம் மட்டுமே. பள்ளி வகுப்பறையிலோ தற்காலிகக் கொட்டகையிலோ அறுவை செய்கிறார்கள் என்றால் மறுத்துவிட வேண்டும். 2008-ல் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு முகாம் மூலம் புரை அறுவை செய்துகொண்டவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் தொற்றால் பார்வை இழந்தனர். அறுவைக்குப் பிறகு ஓரிரு நாளில் வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, தெளிந்த பார்வை மீண்டும் மங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். மறுபரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருந்தால் கண்ணைக் காப்பாற்ற முடியாமல் போகலாம்.

பார்வையைப் பறிப்பவை

கண்புரையால் போன பார்வையை அறுவையால் மீட்கலாம். "புரை முற்றட்டும்" என்று தள்ளிப்போடுவது பழைய கால வழக்கம். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகும்போதே அறுவை செய்யலாம். மிகவும் முற்றிய புரையில் அறுவை கடினமாகும், சிலருக்குக் கண் அழுத்தமும் கூடும்.

கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்பாது. வலியில்லாமல் ஓரப் பார்வையிலிருந்து குறைந்துகொண்டு வருவதால் பலருக்குத் தெரிவதே இல்லை. 40 வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களும் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிகள், பார்வை நன்றாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும்.

பள்ளத்தாக்கின் தொழிலோடு ஒட்டிய ஆபத்து கருவிழிப் புண். நெல் அறுப்பிலும் திராட்சைத் தோட்டத்திலும் தாளோ குச்சியோ கண்ணில் பட்டால் காயம் வழியே பூஞ்சை நுழைகிறது. மதுரை வட்டாரத்தில் நடந்த ஆய்வுகளில் கருவிழிப் புண்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வந்தவை. இந்தக் கண்ணில் இலைச்சாறு பிழிவது, தாய்ப்பால் விடுவது, நாக்கால் தூசி எடுப்பது எல்லாமே புண்ணை முற்றவைக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து அதைவிட மோசம்: சிவப்பு குறைந்தாற்போல் தோன்றும், பூஞ்சை உள்ளே பரவும், கடைசியில் பூ விழுந்து பார்வை போகும். ஏலத் தோட்டத்தில் மருந்தடிக்கும்போது கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீரால் கழுவிய பிறகே வண்டி ஏற வேண்டும்.

குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரும் நோய் வரலாம். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை தேவை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை ஒன்றில் 1996-ல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தச் சோதனை செய்யப்படாததால் பார்வை முழுதும் போனது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-ல் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

நோயாளியின் உரிமைகள்

தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளர் உரிமை சாசனம் 17 உரிமைகளைப் பட்டியலிடுகிறது. கண் நோயாளிக்கு அவற்றில் முக்கியமானவை சில:

நோய் என்ன, அறுவை எதற்கு, செய்யாவிட்டால் என்ன ஆகும், செய்தால் என்னென்ன சிக்கல் வரலாம் என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கலாம். மாற்றுச் சிகிச்சை, கட்டணம், லென்ஸின் வகை ஆகியவற்றை முன்கூட்டியே கேட்கலாம். வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறலாம். மருந்தையும் கண்ணாடியையும் விருப்பமான கடையில் வாங்கலாம்.

மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ன் மருத்துவ நெறிமுறை விதி. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அட்டையில் எந்தக் கண், எந்த நாள், எந்த அறுவை என்ற விவரம் இருக்கிறதா என்றும், லென்ஸின் அளவும் வரிசை எண்ணும் உள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்து வாங்க வேண்டும். பின்னால் சிகிச்சைக்கும் புகாருக்கும் இந்த அட்டையே ஆதாரம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. தங்கள் சிகிச்சை அதன் பட்டியலில் உள்ளதா, அந்த மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்ததா என்பதை அனுமதிக்கு முன்பே காப்பீட்டு உதவி மேசையில் கேட்டுக்கொள்ள வேண்டும். பொதுவான சுகாதார ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனை குறித்த புகாருக்கும் 104-ஐ அழைக்கலாம்.

தவறு நேர்ந்தால்

அறுவை பலன் தராத எல்லா நேர்வும் மருத்துவரின் கவனக்குறைவு ஆகாது. இயல்பான திறமையுள்ள ஒரு மருத்துவர் எடுத்திருக்கக்கூடிய கவனத்தை எடுத்தாரா என்பதே நீதிமன்றம் பார்க்கும் அளவுகோல். தொற்று வருவது சில நேரம் தவிர்க்க முடியாதது. தொற்று வந்த நோயாளியைத் திருப்பி அனுப்புவது கவனக்குறைவு.

முதலில் மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை நகலில் வாங்க வேண்டும். பதில் வராவிட்டால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் போகலாம். 1997-ன் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவுகளைக் கவனிப்பது அவர் அலுவலகம். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குரியது.

இழப்பீடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பணம் கட்டாதவர் வழக்குப் போட முடியாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு. 1995-ல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: சிலரிடம் கட்டணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில் இலவச நோயாளியும் நுகர்வோரே. அறக்கட்டளை மருத்துவமனைகளில் பெரும்பாலானவை இந்த வகையில் அடங்கும். எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாக மட்டுமே சேவை தரும் இடம் இதற்குள் வராது; அங்கே உரிமையியல் நீதிமன்றமோ மனித உரிமைகள் ஆணையமோ தான் வழி. நுகர்வோர் புகாரை இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும். 2019-ன் சட்டப்படி, சிகிச்சை மதுரையில் நடந்திருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் தேனி மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்.

பார்வை இழந்தவர்களுக்கு

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு குறைபாடு தேவை. இரு கண்ணையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். ஒரு கண் முழுதும் போய் மறு கண் நன்றாக இருந்தால் 30 விழுக்காடுதான் வரும். அரசு மருத்துவமனையில் சான்று பெற்று, தேசிய அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். தாமதமானால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

வேலையில் கண் போனவருக்கு முதலாளியிடம் இழப்பீடு கேட்கும் உரிமை தனியாக உண்டு. மறு கண் நன்றாக இருக்கும்போது ஒரு கண்ணின் பார்வை போனால் அதை 30 விழுக்காடு வருமான இழப்பாகவும், கண்ணையே எடுக்க நேர்ந்தால் 40 விழுக்காடாகவும் 1923-ன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்தது. தினமும் ஜீப்பில் குமுளி, போடிமெட்டு வழியே இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போய்வருவோர், விபத்து கேரளத்தில் நடந்ததால் அங்கேதான் அலைய வேண்டும் என்று எண்ண வேண்டியதில்லை. தொழிலாளி வசிக்கும் பகுதிக்குரிய இழப்பீட்டு அதிகாரியிடமே கோரலாம். கோரிக்கைக்கு இரண்டு ஆண்டு காலவரம்பு உண்டு. காயம்பட்ட அன்றே மருத்துவமனையில் "தோட்ட வேலையில் பட்டது" என்று பதிவு செய்யச் சொல்வது வழக்குக்குப் பலம்.

வக்கீல் செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். அதற்கான அழைப்பு எண் 15100.