கண்காணிப்பின் கதை – 11: ரேகை வாங்கிய ஊர்கள்

குற்றத்தைத் துப்புத் துலக்குவதற்காக மட்டும் ஒருவருடைய போனை அரசு ஒட்டுக்கேட்கக் கூடாது என்று 2025 ஜூலை 2-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொன்னதோடு போன வாரம் நிறுத்தினோம். ஒட்டுக்கேட்பு உத்தரவுகளைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவை இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். அதற்குள் திண்டுக்கல் குறுக்கே வந்துவிட்டது.

திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டத்தோடுதான் இருந்தது. அந்தப் பழைய மாவட்டத்துக்கு 1906-ல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியரில் 1896-ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று இருக்கிறது. திண்டுக்கல் தாலுகா குடியானவர்கள் ஊர் ஊராகக் கூடி 'பண்டு' சேர்த்தார்கள். அதுவரை ஊர்க்காவல் பல கிராமங்களில் கள்ளர்களிடம் இருந்தது. மாடு களவு போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்பது வழக்கம். பண்டுப் பணத்தில் தாங்களே காவல் வைத்து, மாடு இழந்தவருக்கு நஷ்டமும் கொடுத்து, பழைய காவல்காரர்களை வெளியேற்றினார்கள். காவல்கூலி கொடுத்தவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் இடையில் வந்த தகராறு அது. பேசித் தீர்த்திருக்கலாம், வழக்குப் போட்டிருக்கலாம். சர்க்கார் அந்த வழியில் போகவில்லை. 1911-ன் குற்றப் பரம்பரையினர் சட்டத்தைக் கொண்டுவந்து, சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் அதற்குள் அடைத்தது.

மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பத்து விரலும் மையில் தோய்ந்து பதிவேட்டில் ஏறும். பெயர் ஏறியவர்கள் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். பக்கத்து ஊரில் சம்பந்தி வீட்டுச் சாவு என்றாலும் ராதாரிச் சீட்டு வாங்காமல் கிளம்ப முடியாது. எந்த ஊருக்குப் போகிறான், எப்போது திரும்புவான் என்று அதில் எழுதியிருக்கும். போன இடத்திலும் காட்ட வேண்டும். இவன் என்ன களவு செய்தான் என்று யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. பிறந்ததே போதும்.

இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இதைவிட மோசமான ஒன்று. ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்த பிறகு, அந்த அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாதென்று சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். 1871-ன் மூலச் சட்டத்திலும் இந்தத் தடை உண்டு, 1911-லும் உண்டு. வேவு பார்ப்பவன் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்பதை இவ்வளவு பச்சையாக எழுதிய வேறு சட்டத்தை நான் படித்ததில்லை.

கேட்க நீதிமன்றம் இல்லாததால் ஊர் கேட்டது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக நின்றார். அவரை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். அவர் கதையைத் தனி அத்தியாயமாக எழுதியே ஆக வேண்டும். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. சட்டம் இருந்த காலத்தில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் திண்டுக்கல், மதுரை, தேனி மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன.

பதிவேடு மட்டும் சாகவில்லை. 1948-லேயே வழக்கமான குற்றவாளிகளுக்கென்று வேறு சட்டம் வந்தது. காவல் நிலையங்களில் ஹிஸ்டரி ஷீட் தொடர்ந்தது. சாதியைப் பார்த்து அப்பாவிகளின் பெயரை அதில் ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதத்தில் சொல்ல வேண்டியிருந்தது என்றால், பழக்கம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். இப்போது தமிழகப் போலீசின் கையில் முகம் அடையாளம் காணும் செயலியும் இருக்கிறது. நள்ளிரவில் பஸ் இறங்கி நடக்கும் இளைஞனை நிறுத்தி, போனை முகத்துக்கு நேரே நீட்டினால் போதும், மை தேவையில்லை. இதற்கென்று நாடாளுமன்றமோ சட்டமன்றமோ தனிச் சட்டம் எதுவும் இயற்றவில்லை.

மறுஆய்வுக் குழுவுக்கு வருகிறேன். ஒட்டுக்கேட்பு உத்தரவு சரியா என்று பார்க்க, மத்தியில் அமைச்சரவைச் செயலர் தலைமையிலும், மாநிலத்தில் தலைமைச் செயலர் தலைமையிலும் குழு. உறுப்பினர்களும் செயலர்களே. உத்தரவு போடுகிற உள்துறைச் செயலரோடு தினமும் ஒரே கோட்டையில் வேலை பார்ப்பவர்கள். நீதிபதி ஒருவரும் இல்லை. 1996 டிசம்பர் 18-ல் ஒட்டுக்கேட்பு வழக்கில் உச்ச நீதிமன்றமே ஏற்படுத்திக் கொடுத்த ஏற்பாடு இது. அன்று நீதிபதிகள் தங்களில் ஒருவரை ஏன் உட்கார வைக்கவில்லை என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)