பெட்டி மூடினால்தான் கணக்கு

திருப்பூரில் மெர்ச்சன்டைசர் வேலை பார்க்கிறவர்களுக்கு ரேஷியோ பேக்கிங்கை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் அட்டைப்பெட்டியில் ஸ்மால் 2, மீடியம் 4, லார்ஜ் 4, எக்ஸ்எல் 2 என்று பையர் கேட்ட விகிதத்தில் டி-ஷர்ட் அடுக்க வேண்டும். ஒரு சைஸ் வராவிட்டாலும் பெட்டியை மூட முடியாது.

நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில், எல்லா செக்‌ஷனும் டார்கெட்டை முடித்துவிடும். பெட்டி மட்டும் மூடாது. மெஷின் முழு லோடில் ஓடினால்தான் சாயப்பட்டறைக்குக் கட்டுப்படியாகும். அதனால் குறைந்த கிலோவே தேவைப்படும், ஸ்மால் சைஸுக்கான சிறிய டயா (விட்டம்) துணி காத்துக் கிடக்கும். கட்டிங்கில் அன்றன்று எத்தனை பீஸ் என்பதே கேள்வி; கைக்கு வந்த லார்ஜையும் மீடியத்தையும் வெட்டித் தள்ளுவார்கள். டைலர்களுக்கு பீஸ் ரேட். ஒரே சைஸ் தொடர்ந்து வந்தால் கை வேகம் பிடிக்கும், கூலியும் கூடும். அவர்களை எப்படிக் குறை சொல்வது? கடைசியில் பேக்கிங் ஹால் நிறைய பீஸ் குவிந்திருக்க, தூத்துக்குடியிலிருந்து கப்பல் புறப்பட்டுவிடும். சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவில் ஆர்டரின் லாபம் போய்விடும்.

அடுத்துச் சேர்ந்த இடத்தில் மேனேஜர் தினமும் காலையில் எல்லா செக்‌ஷன் பொறுப்பாளர்களையும் பேக்கிங் ஹாலுக்கே வரச் சொல்வார். "இன்னைக்கு எத்தனை பெட்டி மூடும்?" இது ஒன்றுதான் கேள்வி. கட்டிங் டார்கெட் பீஸிலிருந்து, எல்லா சைஸும் சேர்ந்த செட்டுக்கு மாறியது. சைஸ் மாறும் நாட்களில் டைலர்களுக்குக் கூலி குறையாமல் பார்த்துக்கொண்டார். அதைச் செய்யாமல் மற்றது எதுவும் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் 1960களில் வளர்ந்த ஹோஷின் கன்ரி முறையும் இதைத்தான் செய்கிறது. மேலிடம் இலக்கைச் சொல்லும்; "இவ்வளவு முடியும், அதற்கு இது வேண்டும்" என்று கீழே இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். ஒத்துவரும்வரை பேச்சு மேலும் கீழும் போய்வரும். தர மேலாண்மைக்கான டெமிங் பரிசுக்கு ஒரு நிறுவனத்தைச் சோதிக்கும்போது இந்த ஒழுங்கையும் பார்க்கிறார்கள். சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் அந்தப் பரிசை வாங்கியது.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆர்டருக்கு டார்கெட் எழுதும் முன், சாயப்பட்டறைக்காரர், கட்டிங் மாஸ்டர், டைலரிங் சூப்பர்வைசர், பேக்கிங் பொறுப்பாளர் நால்வரையும் ஒன்றாக உட்கார வையுங்கள். முதலில் பேக்கிங்காரரைப் பேச விடுங்கள்.