பில்டர் வாங்குமுன் தண்ணீரைப் பாருங்கள்



சம்பளம் போட்ட வாரத்தில் பில்டர் விற்பவர்கள் லயத்துப் பக்கம் வருவதுண்டு. “அக்கா, இந்தத் தண்ணியையா புள்ளைங்களுக்குக் கொடுக்கிறீங்க?” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். ஒரு தம்ளரில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரும் இன்னொன்றில் அவர்களுடைய பில்டர் தண்ணீரும் இருக்கும். இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் விடுவார்கள். சில நிமிடங்களில் உங்கள் தண்ணீர் சேறுபோல் ஆகிவிடும். அவர்களுடையது பளிச்சென்று இருக்கும். பயந்துபோய் ஆயிரம், இரண்டாயிரம் வெள்ளிக்குத் தவணைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

இந்த வித்தையின் விவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சேறுபோல் தெரிவது தண்ணீரில் இருந்த அழுக்கல்ல. கம்பியின் இரும்பு மின்சாரத்தால் கரைந்து துருவாக வருகிறது. குழாய்த் தண்ணீரில் இயற்கையாக உள்ள தாது உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும். உப்பை நீக்கிய தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் கம்பியும் கரையாது. சந்தேகமா? “தம்பி, உங்க தண்ணியிலே ஒரு சிட்டிகை உப்புப் போட்டுட்டு மறுபடி காட்டுங்க” என்று கேளுங்கள். அதுவும் சேறாகிவிடும்!

சொட்டு மருந்து விட்டுத் தண்ணீர் மஞ்சளாவதைக் காட்டுவதும் இப்படித்தான். அந்த மஞ்சள் நிறம், தண்ணீரில் குளோரின் இருப்பதைக் காட்டுகிறது. குளோரின் கிருமியைக் கொல்லும் காவல்காரன். குடிநீரில் அது லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது மலேசியக் குடிநீர்த் தர விதி. எண் காட்டும் சிறு மீட்டரும் கரைந்த உப்புகளைத்தான் அளக்கும். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

குறை எங்கே?

அரசாங்கக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் ஆற்றிலிருந்து வருவது. படிகாரம் போட்டு மண்ணைத் திரளவைத்து அடியில் படியவிடுகிறார்கள். பிறகு மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். நிலையத்திலிருந்து சுத்தமாகப் புறப்படும் தண்ணீர், பழைய இரும்புக் குழாயிலும் மூடியில்லாத தொட்டியிலும் கெட்டுப்போகலாம். ஆற்றிலேயே கேடு வருவதும் உண்டு. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்து, நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல லட்சம் வீடுகள் தண்ணீரின்றித் தவித்தன. அப்படித் தண்ணீர் நின்று திரும்ப வரும்போது, குழாய்க்குள் படிந்திருந்த மண்ணும் துருவும் சேர்ந்து வரும். தெளியும் வரை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். ஓடவிட்டதைத் துணி துவைக்க, கழிவறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. காலையில் முதல் தண்ணீரை ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பாருங்கள்.

• முதலில் பழுப்பாக வந்து, சிறிது நேரம் ஓடியதும் தெளிந்தால், குழாய்த் துரு.

• பெரிய குழாயிலிருந்து நேராக வருவது தெளிவாகவும், தொட்டித் தண்ணீர் கலங்கலாகவும் இருந்தால், குறை தொட்டியில்.

• பிடிக்கும்போது தெளிவாக இருந்து, ராத்திரி வைத்திருந்த பிறகு பழுப்பானால், தண்ணீரில் இரும்புச் சத்து அதிகம். நிலத்தடி நீரை நம்பியிருக்கும் கிளந்தான் பகுதிகளில் இது பழைய தொல்லை.

• பால்போல் வெளுத்து, அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால், அது வெறும் காற்றுக் குமிழி. பயம் வேண்டாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தெளிவான தண்ணீரிலும் கிருமி இருக்கலாம். டைபாய்டு, காலரா, வயிற்றுப்போக்குக் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஒரே சமயத்தில் பல வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிறு போனால், உடனே கிளினிக்கிலும் சுகாதார இலாகாவிலும் தெரிவியுங்கள். தண்ணீரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

எந்தக் குறைக்கு எந்தப் பில்டர்?

மணல் பில்டரும் பஞ்சுக் குழல் பில்டரும் மண்ணையும் துருவையும் பிடிக்கும், கிருமியை நிறுத்தாது. மணலைக் குறித்த காலத்தில் திருப்பிக் கழுவ வேண்டும். பஞ்சுக் குழல் அழுக்கானால் மாற்ற வேண்டும்.

பீங்கான் பில்டர் விலை குறைந்தது, மின்சாரமும் தேவையில்லை. நல்ல பீங்கானின் நுண்ணிய துளைகள் மண்ணையும் பெரும்பாலான பாக்டீரியாக் கிருமிகளையும் தடுக்கும். அதைவிடச் சிறிய வைரஸ் கிருமியும், கரைந்த உப்பும் கடந்து போகும். மெல்லிய பிரஷ்ஷால் சோப்பில்லாமல் தேய்த்துக் கழுவுங்கள். கீறல் விழுந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கரி பில்டர் குளோரின் வாடையையும் சில இரசாயனங்களையும் உறிஞ்சும். காவல்காரனான குளோரினை அது எடுத்துவிடுவதால், வடிகட்டிய தண்ணீரை நாள் கணக்கில் வைக்கக் கூடாது. காலம் கடந்த கரிக்குள்ளேயே கிருமி பெருகும்.

புற ஊதாக் கதிர் விளக்குள்ள பில்டர் கிருமியைச் செயலிழக்கச் செய்யும். ஆனால் தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் கதிர் ஊடுருவும். கரண்ட் போனால் வேலை செய்யாது. விளக்கைச் சுமார் ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும்.

‘ஆர்.ஓ.’ என்னும் சவ்வு பில்டர் உப்பையும் ஈயம் போன்ற உலோகங்களையும் நீக்கும். விலை அதிகம். ஒரு பங்கு நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று பங்கு சாக்கடைக்குப் போகலாம். தண்ணீர் வேகம் குறைவான லயத்தில் பம்பும் வேண்டியிருக்கும். சாதாரண ஆற்றுக் குழாய்த் தண்ணீருக்கு இது பெரும்பாலும் தேவையில்லை.

வாங்கும்போது, “உள்ளே இருக்கிறதை எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும்? அதுக்கு எவ்வளவு?” என்று கேளுங்கள். மாற்றக் காசில்லாத பில்டர், வீட்டில் பில்டர் இல்லாததைவிட மோசம். வீடு தேடி வந்து விற்பவர்களுக்கு 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டு மனம் மாறினால், நாளைக் கடத்தாமல் தாளை எடுத்துக்கொண்டு சங்கக் கிளைக்கு வாருங்கள். சட்டம் சொல்லும் கெடுவுக்குள் ரத்துச் செய்ய வழி உண்டு.

அடுப்பை மறக்காதீர்கள்

கிருமிக்குப் பழைய மருந்து கொதிக்க வைப்பதே. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவிட்டு வடிகட்டுங்கள். ஆறியதும் மூடி வையுங்கள். கைவிட்டு மொள்ளாமல் பிடியுள்ள அகப்பையால் எடுங்கள்.

ஆனால் கொதிக்க வைத்தாலும் விஷம் போகாது. களைக்கொல்லி, பூச்சிமருந்து வந்த டிரம்மில், எத்தனை தடவை கழுவினாலும் தண்ணீர் பிடிக்காதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டது. அதன் பழைய டிரம் கொட்டகையில் கிடந்தால் நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள். வீட்டுப் பில்டர் எதையும் நம்பி அதில் தண்ணீர் வைக்க வேண்டாம்.

யார் பொறுப்பு?

தீபகற்ப மலேசியாவில், 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டப்படி, தோட்டம் கொடுக்கும் வீடுகளுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை. தொட்டியில் பாசியும் செத்த பல்லியும் கிடக்கும்போது, ஒவ்வொரு குடும்பமும் கடன்பட்டுப் பில்டர் மாட்டுவது நியாயமாகுமா? தொட்டியை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கழுவச் சொல்லுங்கள். மூடி போடச் சொல்லுங்கள். எலியும் டிங்கிக் கொசுவும் அண்டாது. எந்தத் தேதியில், எந்த வீட்டில், என்ன நிறத்தில் தண்ணீர் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். வாய்ப்பேச்சைத் தட்டிக் கழிக்கலாம், எழுதி வைத்த கணக்கை அப்படித் தள்ளிவிட முடியாது. நிர்வாகம் அசையாவிட்டால் அந்த நோட்டோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

பில்டர் வாங்குவது தவறில்லை. வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பார்த்து, குறை எதுவென்று தெரிந்த பிறகு வாங்குங்கள்.