பந்தலும் தீயும்

பங்குனி பிறந்தால் நம் நாட்டில் பந்தற்காலமும் பிறந்துவிடுகிறது. தேர்த் திருவிழா, அம்மன் கோயில் தீமிதி, கலியாணம், பள்ளி ஆண்டு விழா என்று ஊர்தோறும் கூட்டம் கூடுகிறது. வெயிலுக்கு அஞ்சிக் கீற்றுப் பந்தலின் கீழ் ஒதுங்குகிறோம். வெயிலைத் தடுக்கும் அக்கீற்று அவ்வெயிலாலேயே காய்ந்து, ஒரு பொறிக்காகக் காத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பார் சிலரே. வருமுன் காவாதவன் வாழ்வுக்கு உவமை தேடிய வள்ளுவர் பெருமான், நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போரையே நினைத்தார்.

தீ எரிவதற்கு மூன்று வேண்டும்: எரிபொருள், காற்று, பற்றுவதற்குப் போதிய வெப்பம். ஒன்றை நீக்கினாலும் தீ நில்லாது. வகுப்பறையில் பல்லாண்டுகள் நான் நடத்திய பாடம் இது. பந்தலிலோ முதல் இரண்டும் எப்போதும் ஆயத்தமாக உள்ளன. ஓலை மெல்லியது, அதன் இருபுறமும் காற்றுப் படுகிறது. ஆகவே மரக்கட்டையைப் போல மெல்ல எரியாமல் நொடியிற் பற்றுகிறது. வெப்பம் மேலே செல்லும் இயல்புடையது. ஓரத் தட்டியில் பிடித்த தீ கூரைக்கு ஏறுகிறது. எரியும் துண்டுகள் கீழே விழுகின்றன. கட்டுக்கயிறு கருகியதும் கூரையே இறங்கிவிடுகிறது. கீற்றுக்குப் பதிலாக இந்நாளில் கட்டப்படும் செயற்கை இழைத் துணியோ, உருகிச் சொட்டி உடலில் ஒட்டிக்கொள்கிறது.

1997 ஜூன் 7 அன்று, தஞ்சைப் பெரிய கோயிலில் குடமுழுக்கையொட்டி அமைத்திருந்த யாகசாலைப் பந்தல் தீப்பற்றியது. தீயிலும் நெரிசலிலும் 40க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2004 ஜனவரியில் திருவரங்கத்துத் திருமணக் கூடமொன்றின் கீற்றுக் கொட்டகை எரிந்தபோது 50க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மணமகனும் அவர்களுள் ஒருவர்.

இவற்றைச் சொல்லும் நான் குற்றமற்றவன் அல்லேன். தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதலாண்டு, ஓர் ஏப்ரல் மாலையில் எங்கள் பள்ளி ஆண்டு விழா நடந்தது. ஊர்ச் சிறுவர்கள் இடையிடையே புகுந்து ஓடுவார்கள் என்று மூன்று பக்கமும் தட்டி வைத்து அடைக்கச் சொன்னவன் நானே. முகப்பில் ஒரே வாயில். அதற்கு வாழை மரமும் தோரணமும் கட்டி அழகு பார்த்தோம். நாடகம் நடந்துகொண்டிருக்கையில், வாயிலருகே ஒட்டுப்போட்ட மின்கம்பியிலிருந்து பொறி பறந்து கீற்றில் பற்றியது. குழந்தைகள் வாயிலை நோக்கி, அதாவது தீயை நோக்கியே, ஓடினார்கள். அஞ்சிய மனிதன் வந்த வழியையே தேடுவான். நல்லவேளையாகப் பந்தற்காரர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் அரிவாளால் பின்புறத் தட்டியின் கட்டுகளை அறுத்து வழி திறந்தார். இரண்டு சிறுவர்களுக்குக் காலில் காயம். மற்ற யாவரும் தப்பினர். கூலி வாங்கிக்கொண்டு அவர் முன்னமே வீடு திரும்பியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று இன்றும் என்னால் நினைக்க முடியவில்லை. தீ மூட்டியது மின்கம்பி. வழியை அடைத்தவன் நான்.

ஆகவே, பந்தல் போடுவோர் முதலில் எண்ண வேண்டுவது வழியைப் பற்றியே. எதிரெதிராக இரண்டு வாயில்களாவது அகலமாக இருத்தல் வேண்டும். அவற்றை நாற்காலியோ வண்டியோ மறித்தல் ஆகாது. சமையற் கொட்டகையைக் காற்று வீசும் திசையறிந்து தள்ளி அமைக்க வேண்டும். ஒட்டுக் கம்பிகளைக் கீற்றில் படவிடலாகாது. சூடேறும் விளக்குகள் ஓலைக்கு விலகியே இருக்கட்டும். வாணவேடிக்கையைப் பந்தலுக்கு வெகு தொலைவில், வெட்டவெளியில் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர்ப் பீப்பாய்களும் மணல் வாளிகளும் அருகிலேயே இருக்க வேண்டும். ஆனால், மின்சாரத்தைத் துண்டிக்காமல் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. எரியும் எண்ணெயில் தண்ணீர் பட்டால் தீ சிதறிப் பரவும். அடுப்பை அணைத்துச் சட்டியை மூடியால் மூடுவதே முறை. தீயணைப்பு நிலையத்தை 101 என்ற எண்ணில் அழைக்கலாம். தீ பெரிதாகட்டும் என்று காத்திராமல், கண்டவுடனே அழைக்க வேண்டும்.

ஆடையில் தீப்பற்றியவர் ஓடக்கூடாது. ஓட்டம் காற்றை ஊட்டித் தீயை வளர்க்கும். தரையில் படுத்து உருளச் செய்து, கம்பளியால் போர்த்த வேண்டும். புண்ணின்மேல் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டுத் தூய துணியால் மூடி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மையும் நெய்யும் பற்பசையும் தடவுவது தீங்கையே செய்யும்.

அந்த ஏப்ரல் மாலைக்குப் பின், ஓய்வு பெறும் நாள்வரை, விழா தொடங்குமுன் பந்தலை ஒருமுறை சுற்றி வராமல் நான் மேடை ஏறியதில்லை. இக்கோடையில் தாங்களும் ஏதேனும் ஒரு பந்தலுக்குள் நுழைவீர்கள். மேடையைப் பார்க்குமுன், வெளியேறும் வழி எங்கே என்று ஒருமுறை பார்த்துவிட்டு அமருங்கள். தங்கள் கையைப் பிடித்து வரும் குழந்தைக்கும் அதைக் காட்டுங்கள்.