‘மருந்து’ என்னும் சொல்

சங்கத்துக் கிடங்கில் உரமூட்டைகளின் அருகே அடுக்கியிருக்கும் பூச்சிக்கொல்லிப் புட்டிகளை அங்கத்தினர்கள் ‘மருந்து’ என்றே கேட்டு வாங்குகின்றனர். அதனை வயலில் தெளித்தலும் ‘மருந்தடித்தல்’ எனப்படுகின்றது. காய்ச்சல் கண்ட குழந்தைக்குப் புகட்டும் கஷாயத்திற்கும் இதுவே பெயர். உயிரைக் காப்பதும் மாய்ப்பதும் ஒரே பெயர் பெற்றது எங்ஙனம்?

சொல் மிகப் பழையது. மலையாளத்தில் ‘மருந்நு’ என்றும், தெலுங்கில் ‘மந்து’ என்றும் வழங்குவன இதன் இனச்சொற்களே. தெலுங்கர் பேச்சில் மதுவுக்கும் அப்பெயர் உண்டு! திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ எனப் பெயர் பெற்றும், அதில் ஒரு மூலிகையின் பெயரேனும் இல்லை. முன் உண்டது செரித்த பின்னர் அளவறிந்து உண்ணவேண்டும் என்பதே அதன் பெரும்பகுதி. விருந்தோம்பலைக் கூறுமிடத்திலோ, அமிழ்தமே மருந்தெனப்படுகின்றது.

பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் உள்ள வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் (11ஆம் நூற்றாண்டு) பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றைக் குறிப்பிடுகின்றது. வைத்தியர், ரண சிகிச்சை செய்வோர், மூலிகையும் விறகும் கொணர்வோர், பணிப்பெண்டிர் ஆகியோருக்கு ஜீவிதம் அளிக்கப்பட்டது. அங்கே சேமித்து வைக்கவேண்டிய தைலம், கிருதம் முதலியவற்றின் பட்டியலும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றது. அப்பெயர்கள் பெரும்பாலும் வடமொழியே. எனினும் ஜனங்களின் நாவில் நிலைத்தது மருந்து என்னும் சொல்லே.

துப்பாக்கி வந்தபோது அதன் பொடி ‘வெடிமருந்து’ ஆயிற்று. சோற்றில் மறைவாகக் கலப்பதற்கு ‘இடுமருந்து’ என்ற பெயரும் வழங்கியது. சிறிதளவிலேயே பெரும்பயன் விளைக்கும் பொருள் யாதாயினும் மருந்தெனப்பட்டமையால், பூச்சிக்கொல்லியும் அவ்வரிசையில் எளிதிற் சேர்ந்துவிட்டது.

பெயர் ஒன்றாயினும் இடம் ஒன்றாதல் கூடாது. வீட்டு அலமாரியில் இருமல் மருந்தின் பக்கத்தில் வயல் மருந்தை வைத்தலும், காலியான புட்டியில் எண்ணெய் ஊற்றுதலும் அறவே தவிர்க்கத்தக்கவை. 1968ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தையொட்டி 1971இல் ஏற்பட்ட விதிகளின்படி, ஒவ்வொரு புட்டியின் சீட்டிலும் நிற அடையாளம் உண்டு. சிவப்பு கொடிய விஷத்தைக் குறிக்கும். அடுத்துக் கடுமை குறையும் முறையே மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் விஷமே. எழுத்தறியாதவருக்கும் இவ்வடையாளத்தைக் காரியதரிசிகள் காட்டி விளக்கவேண்டும்.

கிராமங்களில் ‘மருந்து குடித்துவிட்டான்’ என்றால் அதன் பொருள் யாவரும் அறிவர். ஆனால் ஆஸ்பத்திரி வைத்தியருக்கு அச்சொல் போதாது. எந்த விஷம் என்பதறிந்தே அவர் மாற்று அளிக்க இயலும். ஆதலால் சிறிதும் தாமதியாது நோயாளியை அழைத்துச் செல்வதோடு, புட்டியையும் அதன் சீட்டுக் கிழியாமல் உடன் எடுத்துச் செல்க.